கேட்டால்தானே தெரியும்! – குரல்வழிச் செயலிகளின் கதை



பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் வாரத்தில், பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவர். நான் பயிற்சி ஆசிரியனாகப் பள்ளிக்குள் நுழைந்த காலத்தில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவரே. நீரிழிவு நோயினால் இப்போது அவருக்குக் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. நாளிதழ் படிக்க முடிவதில்லை. மகன் வெளியூரில் வேலை செய்கிறார். அவர் ஈராண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்த, பேசினால் பதில் சொல்லும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று நாற்காலிக்குப் பக்கத்தில், மருந்துப் பெட்டியோடு இருந்தது.

“இதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள், ஐயா?” என்று கேட்டேன்.

“மணி கேட்பேன். மழை வருமா என்று கேட்பேன். அவ்வளவுதான், தம்பி. இதற்கு வேறு என்ன தெரியும் என்று நான் யாரைப் போய்க் கேட்பது?”

அந்தக் கருவி மாத்திரை நேரத்தை நினைவூட்டும், வானொலி நிலையங்களை ஒலிக்கச் செய்யும், புதிர் போடும், நூல்களை வாசித்துக் காட்டும். ஈராண்டுகளாகப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தும் இவற்றுள் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. புதிதாக ஒரு நூல் கிடைத்தால் அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்த பிறகே கீழே வைக்கும் பழக்கம் உடையவர் அவர். இந்தக் கருவிக்குத்தான் அட்டையும் இல்லை, பொருளடக்கமும் இல்லை.

வீடு திரும்பிய பின் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. குரலுக்குக் கட்டுப்படும் செயலிகள் இத்தனை ஆயிரம் உருவாகியும் அவை இருப்பது மக்களுக்குத் தெரியாமற்போனது எவ்வாறு? அதைத் தெரியப்படுத்த யார் யார் என்னென்ன செய்து பார்த்தார்கள்? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

தொடக்கக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் ‘ஷூபாக்ஸ்’ என்னும் கருவியைக் காட்சிக்கு வைத்தது. பெயருக்கேற்பக் காலணிப் பெட்டி அளவுதான். அது அறிந்த சொற்கள் பதினாறு. அவற்றுள் பத்து, எண்களின் பெயர்கள். ஒலிவாங்கியில் எண்களையும் ‘கூட்டு’, ‘கழி’ போன்ற கட்டளைகளையும் ஆங்கிலத்தில் சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டும். பதினாறு சொற்களையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். கருவிக்கு என்ன தெரியும் என்பதை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். 1976-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘ஹார்ப்பி’ ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சொற்களை அறிந்தது. சொற்கள் பெருகப் பெருக, அஞ்சலட்டை போதாமற்போனது.

அடுத்து வந்தது தொலைபேசிக் காலம். ஒரு எண்ணை அழைத்து, ‘வானிலை’ என்றோ ‘பங்குச் சந்தை’ என்றோ வாயால் சொன்னால் செய்தி கிடைக்கும் சேவைகள் அமெரிக்காவில் தோன்றின. 1999-இல் தொடங்கிய ‘டெல்மி’ அவற்றுள் பெயர் பெற்றது. 2007-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. இத்தகைய சேவைகளை எழுதுவதற்கென்றே ‘வாய்ஸ் எக்ஸ்எம்எல்’ என்னும் பொது மொழி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏடி அண்ட் டி, ஐபிஎம், லூசன்ட், மோட்டோரோலா ஆகிய நான்கு நிறுவனங்கள் அதற்குப் பின்னணியில் நின்றன. அந்தச் சேவைகளை நாம் இன்று கேலி செய்யலாம். “இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும்” என்று பேசிக்கொண்டே போகும் குரலை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ அழைத்து வெறுக்காதவர் நம்மில் யார்? ஆயினும் ஒரு நன்மை இருந்தது. அந்தக் குரல் தன்னிடம் உள்ளதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடும். பொறுமை இருந்தால் இறுதி வரை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பொறுமைதான் சிக்கலின் வேர். ஆப்பிள் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் செயலிக் கடையைத் திறந்தபோது ஏறத்தாழ ஐந்நூறு செயலிகள் இருந்தன. கடைத்தெருவில் நடப்பதுபோல் விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். கண் ஒரே பார்வையில் இருபது படங்களை மேய்ந்து, வேண்டியதில் நிற்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்க முடியும். நான்காவதைக் கேட்கும்போது முதலாவது மறந்துபோகும். சொல்வதெழுதல் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்தால் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நம்மைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வையே சான்று.

சிரி 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு தனிச் செயலியாக வெளிவந்தது. சில மாதங்களில் ஆப்பிள் அதை வாங்கியது. 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் கைப்பேசியோடு உலகுக்கு அறிமுகப்படுத்தியது. தொலைபேசிப் பட்டியலை அது கைவிட்டது. ‘என்ன வேண்டும், கேள்’ என்பதுதான் அதன் முகப்பு. கைப்பேசிக்குத் திரை இருந்தமையால், என்னென்ன கேட்கலாம் என்பதற்கு மாதிரி வாக்கியங்களை எழுத்தில் காட்டும் ஒரு சிறு குறியையும் வைத்திருந்தார்கள். கண்ணின் துணை அப்போது இருந்தது.

அந்தத் துணையை நீக்கியது அமேசான். 2014 நவம்பரில் அந்நிறுவனம் அறிவித்த ‘எக்கோ’ ஒரு கறுப்பு உருளை. திரை கிடையாது. அலெக்சா என்று அழைத்தால் விளக்கு வளையம் ஒளிரும். அதன் பிறகு நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். 2015 ஜூன் மாதம், வெளியாரும் அலெக்சாவுக்குச் செயலிகள் எழுதலாம் என்று அமேசான் வாயிலைத் திறந்துவிட்டது. அச்செயலிகளுக்கு ‘ஸ்கில்’, அதாவது திறன், என்று பெயர். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்று முப்பது அளவில் இருந்தவை, 2017 பிப்ரவரியில் பத்தாயிரத்தைத் தாண்டின. 2019-இல் ஒரு இலட்சம்!

இந்த இலட்சத்துள் ஒன்றைப் பயன்படுத்த ஒருவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். முதலில், கைப்பேசியை எடுத்து அலெக்சாவின் துணைச் செயலியைத் திறக்க வேண்டும். அங்கே தேடி, வேண்டிய திறனை இயக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு உருளையின் முன் வந்து, அத்திறனின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். பெயர் பெரும்பாலும் இரு சொற்களாகவாவது இருக்க வேண்டும் என்பது விதி. பெயரைச் சற்று மாற்றிச் சொன்னாலும் வேறெங்கோ போய் நிற்கும். கைகளும் கண்களும் ஓய்ந்திருக்கும்போது பயன்பட வேண்டிய கருவியைக் கண்டறிய, கையும் கண்ணும் தேவைப்பட்டன. என் மூத்த ஆசிரியரைப் போன்றவர்களுக்கு இது பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை.

2016-இலேயே அமேசான் ஒரு படி இறங்கிவந்தது. பெயர் தெரிந்தால் குரலாலேயே திறனை இயக்கத்தில் வைக்கலாம் என்றது. பெயர் தெரிந்தால்! புதிதாக என்ன கேட்கலாம் என்பதை வாரந்தோறும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பியது. பேசும் கருவியைப் பற்றி அறிய மின்னஞ்சல் படிக்க வேண்டிய நிலையை எண்ணிச் சிரித்தேன். பின்னர், நம் பள்ளி அறிவிப்புகளும் அவ்வாறுதானே என்ற எண்ணம் வந்து சிரிப்பு நின்றது.

விளைவு எப்படி இருந்தது? 2017 ஜனவரியில் ‘வாய்ஸ்லேப்ஸ்’ என்னும் ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போதிருந்த ஏழாயிரத்துச் சொச்சம் அலெக்சா திறன்களில் 69 விழுக்காட்டுக்கு ஒரு கருத்துரைகூட இல்லை, அல்லது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு குரல்செயலியை இன்று பயன்படுத்தும் ஒருவர் அடுத்த வாரமும் அதைப் பயன்படுத்துவதற்கு வாய்ப்பு வெறும் 3 விழுக்காடு. நூறு பிள்ளைகள் சேர்ந்த வகுப்பில் மறுவாரம் மூவர் மட்டும் வந்தால் நாம் பிள்ளைகளையா குறை கூறுவோம்?

பெயர் என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழாசிரியனுக்குச் சுவையான பகுதி இதுதான். அலெக்சாவில் இரு திறன்கள் ஒரே அழைப்புப் பெயரை வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. வகுப்பில் மூன்று குமரன்கள் இருந்தால் ‘பெரிய குமரன்’, ‘சின்னக் குமரன்’ என்று நாம் பிரித்துக்கொள்வோம். கருவி தானாகவே ஒருவரைத் தேர்ந்துவிடும். இது போதாதென்று, ஒலியால் ஒத்த பெயர்கள் வேறு. 2018-ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து எழுதினார்கள். கருவி வழக்கமாகத் தவறிக் கேட்கும் சொற்களைக் கண்டுபிடித்து, அந்தத் தவறான வடிவத்திலேயே ஒரு திறனுக்குப் பெயரிட்டால், நல்ல திறனை அழைப்பவர் தம்மை அறியாமலே அந்தப் போலியிடம் போய்ச் சேரலாம் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். எழுத்தில் பார்த்தால் இரு பெயர்களும் வேறு வேறு, காதுக்கு ஒன்றே.

ல, ள, ழ ஆகியவற்றை ஒலிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எதற்கு என்று என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. தேர்வுக்கு என்று சொல்லி வந்தேன். இனிமேல் இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

கூகுள் வேறு வழியில் சென்றது. 2016 நவம்பரில் ‘கூகுள் ஹோம்’ ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் வெளியார்க்கும் இடம் தந்தது. அங்கே செயலிக்கு ‘ஆக்‌ஷன்’ என்று பெயர். எதையும் நிறுவ வேண்டியதில்லை. “இன்னாரிடம் பேச வேண்டும்” என்றால் போதும். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் வைக்க முடியாது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: பெயரே சொல்லாமல் தேவையை மட்டும் சொன்னாலும், பொருத்தமான செயலியைக் கூகுள் முன்னிறுத்தக்கூடும்.

அமேசானும் 2018-இல் இதே திசைக்குத் திரும்பியது. அதன் செய்முறையை வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். பயனர் ஒரு தேவையைச் சொல்கிறார். அலெக்சா திறன்களை நோக்கி, “இதை உங்களால் செய்ய முடியுமா?” என்று கேட்கிறது. ஒவ்வொரு திறனும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஒருவேளை’ என்னும் மூன்றில் ஒரு விடையைச் சொல்ல வேண்டும். கேள்வியில் உள்ள சொற்கள் புரிகின்றனவா, அவற்றை வைத்து வேலையை முடிக்க முடியுமா என்பதையும் தனித்தனியே சொல்ல வேண்டும். அதன் பிறகு அலெக்சா ஒருவரை எழுப்பி விடை சொல்ல வைக்கிறது. நாம் வகுப்பில் கேள்வி கேட்டதும் பிள்ளைகள் கை தூக்குவதைப் போலத்தான். சிலர் விடை தெரிந்து தூக்குவர். சிலர் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தூக்குவர். யாரை எழுப்புவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. இங்கே அந்த ஆசிரியர் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பின்வரிசை மாணவன் அறிய வழியில்லை. சிறு குழுவினர் உழைத்துச் செய்த நல்ல செயலி ஒருமுறையேனும் எழுப்பப்படாமலே கிடக்கலாம்.

வேறு முயற்சிகளும் நடந்தன. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் அமேசான் ‘எக்கோ ஷோ’ என்று திரையுள்ள கருவியைக் கொண்டுவந்து, “இப்படிக் கேட்டுப் பாருங்கள்” என்று மாதிரி வாக்கியங்களைத் திரையில் ஓடவிட்டது. விரட்டப்பட்ட கண் திரும்ப அழைக்கப்பட்டது. 2018-இல் ஆப்பிள், ஒரு வேலைக்குப் பயனர் தாமே விரும்பிய சொற்றொடரைப் பெயராக வைத்துக்கொள்ளும் வசதியைச் சிரியில் தந்தது. நாமே சூட்டிய பெயர் எளிதில் மறக்காது என்பது நல்ல சிந்தனை. ஆனால் அதற்கு முதலில் அப்படியொரு வசதி இருப்பது தெரிய வேண்டுமே! 2020 நவம்பரில் அமேசான் மற்றொன்றை அறிவித்தது. தேநீர் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, “ஐந்து நிமிடத்திற்கு மணி வைக்கட்டுமா?” என்று அலெக்சா தானே கேட்கும்.

எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி முயற்சிதான். பாடத்தில் ஓர் இடம் வரும்போது அதற்கு வேண்டிய செய்தியை அங்கேயே சொல்வதைப் போன்றது அது. பயன்படாத நேரத்தில் சொன்ன நூறு செய்திகள் போன இடம் தெரியாது. ஆனாலும் அளவு மீறினால் அதுவே தொல்லையாகும். மணி என்ன என்று கேட்டவரிடம் விற்பனையாளர்போல் பேச்சை வளர்க்கும் கருவியைப் பிடுங்கி வைத்தவர்கள் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, கூகுள் 2023-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தன் உரையாடல் ஆக்‌ஷன்களை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டது. வெளியார் எழுதியவை ஒரே நாளில் ஊமையாயின. 2025 பிப்ரவரியில் அமேசான் ‘அலெக்சா பிளஸ்’ என்று, பெரும் மொழிமாதிரிகளைக் கொண்டு இயல்பாக உரையாடும் புதிய வடிவத்தை அறிவித்தது. பெயர்களை மனப்பாடம் செய்யும் காலம் இவற்றால் முடிவுக்கு வரலாம். அதனால் பழைய கேள்வி தீரவில்லை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லப்படும் கருவியிடம் எதைக் கேட்பது என்று திகைப்பது, பதினாறு சொற்கள் எழுதிய அஞ்சலட்டையைக் கையில் வைத்திருப்பதை விடக் கடினம்.

நம் மொழிக்கு வருவோம். 2018-இல் அமேசான் ‘கிளியோ’ என்னும் திறனை இந்தியாவில் வெளியிட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளைப் பயனர்களே அலெக்சாவுக்குப் பேசிப் பழக்க வழிசெய்தது. கூகுள் உதவியாளர் கைப்பேசிகளில் தமிழ் கற்றுக்கொண்டது. 2024 ஜூன் மாதம் இந்தியாவில் கூகுளின் ஜெமினி செயலி வெளியானபோது அது ஆதரித்த ஒன்பது இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. பெற்றோர் சந்திப்பில் இதை நான் சொன்னபோது, “தமிழில் பேசினால் கைப்பேசிக்குப் புரியுமா, சார்?” என்று வியந்து கேட்டவர்களே மிகுதி. கையில் இருந்தது, தெரியவில்லை.

இது நமக்குப் புதிதன்று. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இலேயே கணினியில் தமிழைக் கொண்டுவந்தார். 2005-இல் செல்லினத்தால் கைப்பேசியிலும் தமிழ் எழுத முடிந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் தமிழ் விசைமுகம் உண்டு. இருந்தும் நம் பெற்றோர் புலனக் குழுக்களில் ரோமன் எழுத்தில் தமிழ் ஓடுகிறது. தமிழில் எழுதத் தொடங்கிய ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். யாரோ ஒரு தம்பி, யாரோ ஓர் ஆசிரியை, கைப்பேசியை வாங்கி அமைப்பை மாற்றிக் கொடுத்த கதையைச் சொல்வார்கள்.

ஆகவே அடுத்த முறை அந்த வீட்டுக்குச் சென்றபோது என் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு புது வாக்கியம்தான், அதற்கு மேல் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரிடம் ஆங்கிலம் மட்டுமே அறிந்த அந்த ஒலிபெருக்கியும், தமிழ் அறிந்த கைப்பேசியும் இருந்தன. முதல் நாள், மாத்திரைக்கு மணி வைப்பது. இரண்டாம் நாள், மின்னல் பண்பலையை ஒலிக்கச் செய்வது. பழைய திரைப்பாடல் ஒன்றின் பெயரை அவர் ஒலிபெருக்கியிடம் சொல்ல, அது ஆங்கிலப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கியது. கைப்பேசியிடம் தமிழில் கேட்கச் சொன்னாள் என் மகள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்பவர்போல் நிறுத்தி நிறுத்தித் தூய தமிழில் கேட்டார். அது விழித்தது. “தாத்தா, வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள்” என்றாள். அவர் முகத்தில் தெரிந்த வருத்தத்தை நான் கவனித்தேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் அதற்கு எதிரானதைச் சொல்லி வந்தவர் அல்லவா. ஒரு கணம் தயங்கி, வீட்டு வழக்கில் கேட்டார். பாட்டு வந்தது.

சென்ற வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். பழைய வருகைப்பதிவேடு ஒன்று அலமாரியில் கிடந்ததாம். கருவியிடம் எதைக் கேட்டால் என்ன கிடைக்கிறது என்பதைத் தாம் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் அதில் எழுதி வருகிறானாம். பெயர் எழுதும் இடத்தில் கேள்வி. நாள்தோறும் குறியிடும் கட்டங்களில், விடை வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழியம்.

“இருபத்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், தம்பி,” என்றார். “இருவர் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள்.”